புல்லுருவி மரத்துக்குக் கீழே

புல்லுருவிக்காக மாதா கோயில் சாமியாரிடம் வாதாடப் போனவள் சேலத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். மரம் வைத்திருப்பவர்களுக்கு அதைக் கண்டாலே ஆகாது. மாந்தோப்புக்காரர்கள் வருஷத்துக்கு ஒரு தடவை ஆள் விட்டு அதை வெட்டித் தள்ளுவார்கள். வேலை செய்யாமல் உட்கார்ந்து சாப்பிடுகிற ஆளை அந்தப் பெயரைச் சொல்லித்தான் திட்டுவார்கள். இருபத்து நான்கு வயது வரைக்கும் நானும் அப்படித்தான் திட்டிக்கொண்டிருந்தேன்.

பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். வேப்பமரத்தை அண்ணாந்து பார்த்தால், நடுவில் ஏதோ ஒரு கிளையில் வேம்பு இல்லாத இலை ஒரு கொத்தாகத் தெரியும். தடித்த, நீண்ட இலை. கிளையைச் சுற்றி முடிச்சுப் போட்ட மாதிரி வீங்கிய ஓர் இடத்திலிருந்து அது கிளம்பியிருக்கும். மண்ணைத் தொடுவதே இல்லை. வேம்பின் தண்ணீரைக் குடித்து வளரும். பூ விரல்கணு நீளத்துக்குக் குழாயாக, செம்மஞ்சள் நிறத்தில் இருக்கும். எனக்கு அந்தப் பூவைப் பிடிக்கும். இதைச் சொன்னால் இன்றைக்கும் என் அக்கா மகள்கள் சிரிக்கிறார்கள்.

ஐம்பதுகளின் நடுவில் எனக்குக் கல்யாணம் ஆயிற்று. கணவர் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு மொத்த ஜவுளிக்கடையில் கணக்குப்பிள்ளை. கடைக்குப் பின்னால் இரண்டு தெரு தள்ளி வீடு. அவர், நான், என் மாமியார் என்று மூன்று பேர். மாமியாருக்குக் கோயில் காரியங்களில் அக்கறை அதிகம். மாதாவின் படத்துக்குக் கீழே இருந்த மாடத்தில் மந்திரித்த தீர்த்தம் ஒரு சீசாவில் எப்போதும் இருக்கும். குளிக்காமல் அந்த மாடத்தின் பக்கம் யாரும் போகக்கூடாது. வீட்டுக்குத் தூரமான நாட்களில் நான் அந்த அறைக்குள்ளேயே வரக்கூடாது. வேதத்தில் அப்படி ஒரு சட்டமும் கிடையாது என்று எனக்குத் தெரியும். ஆனால் எங்கள் ஆட்கள் எல்லோர் வீட்டிலும் அப்படித்தான் நடந்தது. வேதம் ஞாயிற்றுக்கிழமைக்கு, தீட்டு மற்ற நாட்களுக்கு என்று வைத்திருந்தோம்.

இரண்டாவது வருஷம் ஆடி மாதத்தில், எட்டு மாதத்திலேயே எனக்கு வலி எடுத்துவிட்டது. நகராட்சி மருத்துவச்சி வந்தாள். மத்தியானம் இரண்டு மணிக்குப் பெண் குழந்தை பிறந்தது. அழவில்லை. பூனைக்குட்டி மாதிரி ஒரு சத்தம் மட்டும் விட்டுவிட்டு வந்தது. மருத்துவச்சி எங்கள் வேதத்துக்காரி இல்லை. ஆனால் எங்கள் தெருவில் பல வீடுகளுக்கு வந்து போனவள். குழந்தையைத் துணியில் சுற்றி என் பக்கத்தில் வைத்துவிட்டு, மாமியாரைப் பார்த்துச் சொன்னாள்.

"உங்க சாமிக்கு எதாச்சும் செய்யறதுன்னா சீக்கிரம் செஞ்சிடுங்க."

மாமியார் மாடத்தைப் பார்த்தாள். பிறகு தன் இரண்டு கைகளையும் பார்த்தாள். பிரசவம் பார்த்த கை. தீட்டுப் பட்ட கையால் தீர்த்தத்தைத் தொடக்கூடாது என்று முணுமுணுத்துக்கொண்டே வாசலுக்கு ஓடி, பக்கத்து வீட்டுப் பெண்ணை கோயிலில் சாமியாருக்கு உதவியாக இருந்த உபதேசியாரைக் கூப்பிட்டு வர அனுப்பினாள்.

ஆபத்தான நேரத்தில் யார் வேண்டுமானாலும் ஞானஸ்நானம் கொடுக்கலாம். எந்தத் தண்ணீராக இருந்தாலும் சரி. தலையில் ஊற்றி, பிதா சுதன் பெயரால் என்று வருகிற அந்த ஒரே வரியைச் சொன்னால் போதும். இது ஞானோபதேச வகுப்பில் நான் ஒப்பித்த பாடம். தட்டுத்தடங்கல் இல்லாமல் ஒப்பித்ததற்காகச் சம்மனசுப் படம், இறக்கை வைத்த தேவதூதன் படம் ஒன்று பரிசு வாங்கியவள் நான். என் கட்டிலுக்கு இரண்டு முழ தூரத்தில் அண்டாவில் வெந்நீர் ஆவி பறந்துகொண்டிருந்தது. குடிக்க வைத்திருந்த செம்பில் பச்சைத் தண்ணீரும் இருந்தது. அந்த வரி என் நாக்கு நுனியில் இருந்தது. நான் சொல்லவில்லை. அந்த வீட்டிலேயே அதிகமாகத் தீட்டுப் பட்டவள் நான்தானே, என் வாயிலிருந்து அது வரலாமா என்று நினைத்தேன். உபதேசியார் வந்துவிடுவார் என்றும் நினைத்தேன். எழுபது வயதுக்கு மேல் உட்கார்ந்து இதை எழுதும்போதும் என்னை நானே அறைந்துகொள்ள வேண்டும் போல இருக்கிறது.

குழந்தை எவ்வளவு நேரம் உயிரோடு இருந்தது என்று கேட்டால், உலை வைத்துச் சோறு வடிக்கிற நேரம் என்று சொல்வேன். உபதேசியார் எங்கோ நோயாளியைப் பார்க்கப் போயிருந்தார். சைக்கிளில் வேர்க்க விறுவிறுக்க வந்து இறங்கியபோது மருத்துவச்சி கை கழுவிக்கொண்டிருந்தாள். அவர் வாசற்படியில் நின்றபடியே, யாரும் தண்ணீர் ஊற்றவில்லையா என்று கேட்டார்.

ஞானஸ்நானம் பெறாத குழந்தைக்கு அந்தக் காலத்தில் பெயர் கிடையாது, மணி அடிப்பது கிடையாது, சிலுவை கிடையாது. மோட்சமும் கிடையாது. நரகமும் இல்லை, இரண்டுக்கும் நடுவில் ஓர் இடம் என்று சொல்லிக்கொடுத்திருந்தார்கள். கல்லறைத் தோட்டத்தில் மந்திரித்த மண்ணில் அதற்கு இடம் கிடையாது. பின்சுவர் ஓரமாக மந்திரிக்காத ஒரு மூலை இருந்தது. அங்கேதான் வைக்க வேண்டும். என் கணவர் கடையிலிருந்து துணி வந்த ஒரு பலகைப் பெட்டியைக் கொண்டுவந்தார். அதில் புதுத்துணி வாசனை இருந்தது. அதைச் சைக்கிளில் வைத்துக்கொண்டு ஆத்தூர் ரோட்டில் போனார்.

விளக்கு வைப்பதற்கு முன் திரும்பி வந்தார். எங்கே வைத்தீர்கள் என்று கேட்டேன். சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"பின்னால மூலையில. புல்லுருவி புடிச்ச வேப்பமரம் ஒண்ணு இருக்கு. அதுக்குக் கீழ."

சொல்லிவிட்டுக் குளிக்கப் போய்விட்டார். அதற்குப் பிறகு அந்தக் குழந்தையைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை. அவர் கெட்டவர் இல்லை. சனிக்கிழமை சம்பளத்தன்று மறக்காமல் பூ வாங்கி வருவார். எனக்குத் தலைவலி என்றால் கடையிலிருந்து பாதியில் எழுந்து வருவார். ஆனால் அந்த ஒரு மத்தியானத்தை மட்டும் கதவைச் சாத்திப் பூட்டிவிட்டார். எனக்கு வேறு குழந்தை பிறக்கவில்லை. ஆகவே எங்கள் வீட்டில் பேசுவதற்கு விஷயமும் அதிகம் இல்லை.

முதல் தடவை நான் அங்கே போனது அந்த வருஷம் கல்லறைத் திருநாளன்று. மாமனாரின் கல்லறைக்கு வெள்ளையடிக்க, பூப்போட, மெழுகுவத்தி ஏற்ற எல்லோரும் போனோம். ஊரே அங்கே இருந்தது. சாமியார் தீர்த்தம் தெளித்துக்கொண்டு வரிசை வரிசையாக வந்தார். கடைசி வரிசைக்குப் பின்னால் கருங்கற்களை நட்டு ஓர் எல்லை போட்டிருந்தார்கள். அதுவரை வந்துவிட்டுத் திரும்பிப் போனார். அழுக்குத் தண்ணீரைக் கொட்டி வருகிறேன் என்று மாமியாரிடம் சொல்லிவிட்டு, வாளியை எடுத்துக்கொண்டு நான் அந்தக் கற்களைத் தாண்டினேன்.

பின்சுவர் ஓரமாக ஏழு வேப்பமரங்கள் வரிசையாக நின்றன. ஒரே நாளில் நட்டவை போல, ஒன்றுக்கொன்று அடையாளம் தெரியாமல் இருந்தன. கீழே தும்பையும் நெருஞ்சியும் மண்டிக்கிடந்தன. மேடு இல்லை, பள்ளம் இல்லை, ஒரு கல்கூட இல்லை. எங்கே இருக்கிறது என்று எப்படித் தெரியும்? அப்போதுதான் அண்ணாந்து பார்த்தேன். நான்காவது மரத்தில், சுவர்ப் பக்கம் நீண்ட கிளையில், ஒரே ஒரு புல்லுருவிக் கொத்து. மற்ற ஆறிலும் இல்லை. வாளித் தண்ணீரை ஊற்றி முடிக்கிற நேரம் அதற்குக் கீழே நின்றேன். கண்டுபிடித்துவிட்டேன் என்ற சந்தோஷம்கூட எனக்கு அப்போது வந்தது. அதைச் சந்தோஷம் என்று சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

என் அக்காவை அயோத்தியாப்பட்டணத்தில் கொடுத்திருந்தது. மாதம் ஒரு தடவை அவளைப் பார்த்து வர மாமியார் அனுமதித்தாள். பஸ் அந்தக் கல்லறைத் தோட்டத்தைத் தாண்டித்தான் போகும். நான் அங்கே இறங்கிக்கொண்டு, அடுத்த பஸ்ஸில் அக்கா வீட்டுக்குப் போவேன். அக்காவுக்கும் தெரியாது. குழி வெட்டுகிறவர் கேட்டுக்குப் பக்கத்தில் ஓர் ஓட்டுக் கொட்டகையில் குடியிருந்தார். திருச்செங்கோட்டுப் பக்கத்து ஆள். என்னைக் கண்டால் "வாங்க சாமி" என்பார். எதற்கு வந்தீர்கள் என்று கேட்டதே இல்லை. மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வேறு பக்கம் போய்விடுவார்.

அங்கே நான் ஜெபம் சொல்வதில்லை. இந்தக் குழந்தைக்கு ஜெபம் எட்டாது என்றுதானே சொல்லியிருந்தார்கள். பேசவும் மாட்டேன். பெயர் வைக்காத பிள்ளையை எப்படிக் கூப்பிடுவது? குடையைப் பிடித்துக்கொண்டு நின்று அந்தக் கொத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன். மாதாமாதம் ஒரு செடியையே பார்த்துக்கொண்டிருந்தால் அதன் பழக்கவழக்கம் எல்லாம் தெரிந்துவிடும். மாசியில் வேம்பு இலையெல்லாம் கொட்டி மொட்டையாக நிற்கும்போது அது மட்டும் பச்சையாக இருக்கும். அப்போது ரோட்டில் பஸ்ஸிலிருந்தே அதைப் பார்க்கலாம். இறங்க முடியாத மாதங்களில் பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு போவேன்.

பூ திறப்பதற்கு ஒரு குருவி வர வேண்டும். கட்டைவிரல் அளவுதான் இருக்கும், சாம்பல் நிறம், கொஞ்சமும் அழகில்லை. டிக் டிக் என்று ஓயாமல் சத்தம் போடும். மொட்டின் நுனியைக் கொத்தினால் அது பட்டென்று பிளந்து மகரந்தம் அதன் முகத்தில் அடிக்கும். பழம் பழுத்ததும் அதே குருவி வந்து விழுங்கும். கொட்டை பசையோடு பின்வழியாக நூல் மாதிரி தொங்கிக்கொண்டு வரும். அதைத் துடைக்கக் குருவி கிளையில் பின்பக்கத்தைத் தேய்க்கும். அப்படித் தேய்த்த இடத்தில் கொட்டை ஒட்டிக்கொண்டு முளைக்கும். முதல் தடவை இதைப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த இடத்தில் நான் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

நான்கைந்து வருஷம் கழித்து ஒரு கோடையில் மழை சுத்தமாகப் பொய்த்தது. சுவர்ப் பக்கக் கிளை நுனியிலிருந்து காய்ந்துகொண்டு வந்தது. கிளை செத்தால் புல்லுருவியும் சாகும். அதுவும் போனால் அந்த ஏழு மரங்களில் எது என் மரம் என்று எனக்கு எப்படித் தெரியும்? புல்லுருவி மரம் என்ற அந்த ஒரு அடையாளத்தைத் தவிரக் கணவர் எனக்கு வேறொன்றும் கொடுத்திருக்கவில்லை. இத்தனை நாள் வந்து போகிறவளுக்கு நான்காவது மரம் என்று எண்ணத் தெரியாதா என்று நீங்கள் கேட்கலாம். தெரியும். ஆனால் நாளைக்கு இரண்டு மரத்தை வெட்டிவிட்டால் எண்ணிக்கை என்ன ஆகும்? சுவரை இடித்துத் தள்ளிக் கட்டினால் என்ன ஆகும்? பயந்தவளுக்கு ஆயிரம் வழி தெரியும்.

கீழே விழுந்த பழங்களைப் பொறுக்கிப் பிதுக்கினேன். பசை விரலை விட்டுப் போகவே இல்லை. சுவரிலிருந்து பெயர்ந்து கிடந்த கற்களை அடுக்கி ஏறி நின்று, அதே மரத்தில் எட்டின கிளையில் எல்லாம் கொட்டைகளை ஒட்டினேன். தடித்த கிளையில் ஒட்டியவை காய்ந்து விழுந்துவிட்டன. விரல் மொத்தத்தில் இருந்த இளங்கிளையில் ஒட்டியவற்றில் இரண்டு பிடித்துக்கொண்டன. ஒரு வருஷத்துக்கு மேல் ஆயிற்று, அதில் இரண்டு இலை தெரிய. குருவிக்கு இருக்கிற சாமர்த்தியம் எனக்கு இல்லை. அது தன் பாட்டுக்குப் பக்கத்து மரங்கள் இரண்டிலும் புல்லுருவியை வைத்துவிட்டது. ஆனாலும் நடுவில் இருப்பதுதான் என்னுடையது என்று எனக்குத் தெரியும்.

இதற்குள் மாமியார் படுக்கையில் விழுந்துவிட்டாள். நான்தான் பார்த்துக்கொண்டேன். சாவதற்கு இரண்டு நாளைக்கு முன்னால் அவளுக்குத் தண்ணீர் புகட்டினேன். செம்பைப் பார்த்தவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, அண்டாவில் தண்ணீர் இருந்தது என்று சொன்னாள். எனக்கும் தெரியும் என்று சொன்னேன். அவள் மேல் வைத்திருந்த கோபத்தில் பாதி அன்றைக்குப் போயிற்று. மீதியை என் மேலேயே வைத்துக்கொண்டேன்.

அதுவரை லத்தீனில் இருந்த பூசை தமிழுக்கு வந்த சமயத்தில் எங்களுக்குப் புதுச் சாமியார் வந்தார். இளவயது. விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். ஜனங்களைப் பார்த்து நின்று பூசை வைத்தார். கோயில் வளாகம் முழுக்கச் செடி நட்டார். கல்லறைத் திருநாளுக்கு மூன்று வாரம் இருக்கும்போது பூசை முடிவில் ஓர் அறிவிப்புச் செய்தார். கல்லறைத் தோட்டத்தைச் சுத்தம் பண்ணப்போகிறோம், பின்சுவருக்கு வெள்ளையடிக்கப்போகிறோம், வேப்பமரங்களில் இருக்கிற புல்லுருவியை எல்லாம் வெட்டப்போகிறோம் என்றார். கணவர் என் பக்கம் திரும்பவில்லை. முழங்காலில் இருந்தபடி பலிபீடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை சாமியார் அறைக்குப் போனேன். சொல்ல வேண்டியதை விட்டுவிட்டு வேறு எல்லாவற்றையும் சொன்னேன். அதன் பூவுக்குக் குருவி வருகிறது என்றேன். வைத்தியத்துக்கு ஆகும் என்று சொல்கிறார்கள் என்றேன். மாசியில் இலை இல்லாத மரத்தில் அதுதான் நிழல் என்றேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சிரித்தார். அது மரத்தின் சாரத்தை உறிஞ்சிவிடும், தன் அப்பா மாமரங்களில் அதை ஒரு இலைகூட விட்டதில்லை, வேண்டுமானால் நிழலுக்குத் தானே புங்கங்கன்று வைத்துத் தருவதாகச் சொன்னார். அவர் சொன்னதில் தப்பில்லை. அது மரத்துக்குக் கெடுதல்தான். நுனிக்கிளை காய்வதை நானே பார்த்திருக்கிறேன். ஆனால் அந்தச் சிரிப்பு எனக்குப் பொறுக்கவில்லை.

"எல்லாத்தையும் வெட்டுங்க சுவாமி. நாலாவது மரத்துல இருக்கறத மட்டும் விட்டுடுங்க. அது என் பிள்ளைக்கு அடையாளம்."

என் பிள்ளை என்ற வார்த்தையை வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது. சிலுவை இல்லையா என்று கேட்க வாயெடுத்தவர், பாதியிலேயே புரிந்துகொண்டு நிறுத்திவிட்டார். பிறகு, நாளைக்குக் காலையில் நீங்களே போய் அந்த ஆளிடம் மரத்தைக் காட்டுங்கள், அதை மட்டும் விட்டுவிடச் சொன்னேன் என்று சொல்லுங்கள் என்றார். ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. அதற்காக அவருக்கு இன்றைக்கும் நன்றி சொல்வேன்.

மறுநாள் முதல் பஸ்ஸில் போனேன். குழி வெட்டுகிறவர் மூன்றாவது மரத்தில் ஏறியிருந்தார். அதில் இருந்த கொத்தை வெட்டியாகிவிட்டது. மொட்டும் இலையுமாக அது கீழே கிடந்தது. சாமியார் சொன்னதை நான் சொன்னேன். நான்காவது மரத்தைத் தொட வேண்டாம், அது என் குழந்தை இருக்கிற இடம் என்றேன். அவர் கத்தியை இடுப்பில் செருகிக்கொண்டு இறங்கி வந்தார். என் முகத்தைப் பார்க்காமல் தலைத்துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தார்.

"பத்து வருசமா வாரீங்க சாமி. ஒண்ணு சொல்லோணும்னு நெனைப்பேன், வாய் வராதுங்க."

சொல்லச் சொன்னேன்.

"உங்க ஊட்டுக்காரரு உள்ள வரலீங்க. கேட்டோட நின்னுட்டாரு. அழுதுட்டு நின்னாருங்க. பொட்டிய என்ர கையில குடுத்துட்டு, ஊட்டுல கேட்டா எங்கன்னு சொல்றதுன்னு கேட்டாரு. புல்லுருவி மரத்துக்குக் கீழன்னு சொல்லுங்கன்னேன்."

"அப்படீன்னா இந்த மரந்தானே?"

"எல்லாருக்கும் அதையேதானுங்க சொல்லி அனுப்புவேன். ஒரு ஆம்பளையும் இந்த மூலைக்கு வந்ததில்லீங்க. ஏதோ ஒரு அடையாளம் சொல்லோணுமில்லீங்க."

சரி, எங்கேதான் வைத்தீர்கள் என்று கேட்டேன். அவர் கையை நீட்டிச் சுவரின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் காட்டினார். இந்த மூலை முழுவதும் குழந்தைகள்தான், எங்கே மண் லேசாக இருந்ததோ அங்கே வைத்தேன், இப்போது நினைவில்லை என்றார். இன்னொன்றும் சொன்னார். என்னைப் போல இன்னும் மூன்று பேர் வருகிறார்கள். ஒருவர் வருகிற நாளில் இன்னொருவர் வருவதில்லை. எல்லோரும் வந்து நிற்பது அந்த நான்காவது மரத்துக்குக் கீழேதான்.

அவர் மேல் எனக்கு வந்த கோபத்தை எழுதி முடியாது. கீழே கிடந்த கொத்தை எடுத்து அவர் முகத்தில் எறியலாம் போல இருந்தது. பத்து வருஷம் வெயிலிலும் மழையிலும் வந்து நின்றேன், கல் அடுக்கி ஏறிக் கொட்டை ஒட்டினேன், நேற்று ஒரு சாமியார் முன்னால் மானத்தை விட்டு வாதாடினேன். எல்லாம், வாசலில் நின்ற ஒருவர் கேட்டதற்கு இந்த ஆள் வாய்க்கு வந்தபடி சொன்ன பதிலுக்காக. நெருஞ்சி முள்ளில் கால் வைத்தது தெரியாமல் அங்கேயே சுற்றிச் சுற்றி நடந்தேன். பிறகுதான் மற்ற மூன்று பேரின் நினைப்பு வந்தது. அவர்கள் யார் என்று எனக்குத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் என் பக்கத்திலேயே முக்காடு போட்டுக்கொண்டு முழங்காலில் இருப்பவர்களாகவும் இருக்கலாம். அவர்களுக்கும் அவரவர் வீட்டில் ஒருவர் சுவரைப் பார்த்துக்கொண்டு இதே வரியைத்தான் சொல்லியிருப்பார். அவர்கள் அடுத்த மாதம் வந்து அண்ணாந்து பார்ப்பார்கள்.

எதையும் வெட்ட வேண்டாம் என்றேன். ஒரு மரம் என்றுதானே சாமியார் சொன்னார் என்றார் அவர். அவரிடம் நான் சொல்லிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு, நேராகக் கோயிலுக்குப் போய்ச் சொன்னேன். என் குழந்தை மட்டும் இல்லை, ஒரு மூலை நிறையக் குழந்தைகள், தாய்மார் இன்னும் மூன்று பேர் வருகிறார்கள் என்றேன். சாமியார் மறுக்கவில்லை. அந்த வருஷம் அந்த மூலைக்குக் கத்தி போகவில்லை. கல்லறைத் திருநாளன்று தீர்த்தமும் போகவில்லை. கருங்கல் எல்லை வரைக்கும் வந்து, கொஞ்சம் நின்று, அவரும் திரும்பிவிட்டார்.

மூன்றாவது மரத்தில் வெட்டியது இரண்டு வருஷத்தில் மறுபடி துளிர்த்துவிட்டது. கிளைக்குள் இறங்கிய அடியைத் தோண்டி எடுக்காமல் மேலாக வெட்டினால் அது அப்படித்தான் துளிர்க்கும். குழி வெட்டுகிறவருக்கு அது தெரியாமல் இருக்காது. நான் கேட்கவில்லை. நானும் என் வேலையை விடவில்லை. பழம் பழுக்கிற மாதங்களில் முதல் மரத்திலிருந்து ஏழாவது மரம் வரைக்கும், எட்டின இளங்கிளையில் எல்லாம் கொட்டையை ஒட்டிவிட்டு வருவேன்.

குழி வெட்டுகிறவர் உண்மையைச் சொன்ன அந்த நாளின் மிச்சத்தைச் சொல்லாமல் விட்டால் சரியாக இருக்காது. பஸ்ஸில் வீட்டுக்குத் திரும்பும்போது கணவரிடம் கேட்க வேண்டியதை எல்லாம் வரிசையாக அடுக்கி வைத்தேன். நீங்கள் உள்ளேயே போகவில்லையாமே. பத்து வருஷம் என்னை ஒரு பொய்யின் கீழ் நிற்க வைத்தீர்களே. ஒவ்வொன்றையும் எந்தக் குரலில் கேட்பது என்றுகூட ஒத்திகை பார்த்தேன். மத்தியானம் அவர் கடையிலிருந்து சாப்பிட வந்தார். கை கழுவிவிட்டு வழக்கம்போல மணையில் உட்கார்ந்தார். தலையில் நரை தெரிந்தது. கேட்டில் நின்று அழுதார் என்று அந்த ஆள் சொன்னது நினைவுக்கு வந்தது. அவர் அழுது நான் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. சோறு போட்டேன். குழம்பு ஊற்றினேன்.

"நீங்க சொன்ன மரத்தைப் பார்த்துட்டு வந்தேன்" என்று சொன்னேன்.

அவர் கை சோற்றிலேயே நின்றது. அடுக்கி வைத்திருந்தது எல்லாம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. வாசலில் ஒரு மாட்டுவண்டி போய் முடிகிற வரைக்கும் அவர் தலை நிமிரவில்லை. பிறகு, இலையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"அங்க நெழல் இருக்கா?"

இருக்கிறது என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டுச் சாப்பிட ஆரம்பித்தார். நான் ரசம் எடுத்து வர உள்ளே போனேன்.